பெல்டன் கிரீக்கில் மலிவுக் கைபேசிச் சட்டம்

கைபேசி வாங்கப் போகும் மனிதன் கடை வாசலைத் தாண்டியதும் புத்தியைக் கழற்றி வைத்துவிடுகிறான் என்பதை எங்கள் பெல்டன் கிரீக் நகரசபை ஒரு ஜனவரி மாதத்தில் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் மேயர் மார்லீன் கூப். அவருடைய மருமகன் புதிதாக வந்த ஒரு கைபேசிக்காகத் பனியில் ஓட்டும் தன் ஸ்னோமொபைலை விற்றுவிட்டான். ஸ்னோமொபைல் இல்லாத மருமகன் சனி ஞாயிறு முழுக்க மாமியார் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அவர் வாங்கி வைத்த சீஸையெல்லாம் தின்று தீர்த்தான். இப்படியாக இது ஒரு பொதுநலப் பிரச்சினை ஆனது.

மக்களுக்கு அறிவூட்ட வேண்டும் என்று நகரசபை ஒருமனதாகத் தீர்மானித்தது. அறிவூட்ட ஒரு பிரிவு வேண்டும். பிரிவுக்கு ஒரு பெயர் வேண்டும். "மலிவு விலைக் கைபேசி மற்றும் டேப்லெட் தேர்வு, பயன்பாடு, பராமரிப்பு ஆலோசனைப் பிரிவு" என்று வைத்தார்கள். பெயர்ப் பலகை கதவை விட அகலமாகிவிட்டதால் கதவை மாற்றினார்கள்.

பிரிவின் தலைவராக லாய்ட் ஸ்வெயின்சன் நியமிக்கப்பட்டார். லாய்ட் அதுவரை நாய் உரிமம் கொடுக்கும் வேலையில் இருந்தவர். நாய் உரிமத்தை இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆன பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார். நாய்க்கு அடுத்தபடியாக மனிதன் போகிற இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போவது கைபேசியைத்தான், ஆகவே இதற்கு அவரை விட்டால் தகுதியானவர் இல்லை என்றார் மேயர்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். லாய்ட் முதல் கூட்டத்தில் சொன்ன யோசனைகள் எல்லாம் நல்ல யோசனைகள். நான் கோ-ஆப் கடையில் இறைச்சி வெட்டுகிறவன். இலவச டோனட் உண்டு என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

"கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கேக்காதீங்க. எத்தனை வருஷத்துக்கு அப்டேட் குடுப்பான்னு கேளுங்க" என்றார் லாய்ட். "பழசு வாங்கினா தப்பே இல்ல. ஆனா பேட்டரி எந்த நிலைமையில இருக்குன்னு பாத்து வாங்குங்க. வேண்டாத ஆப்பெல்லாம் தூக்கிடுங்க. திரை வெளிச்சத்தப் பாதியா வைங்க. தெரியாத நம்பர்ல இருந்து கூப்ட்டா எடுக்காதீங்க, பாதிப் பேரு திருடனுங்க. வெளிய போறப்ப கோட்டோட உள் பாக்கெட்ல வைங்க. நம்மூர் குளிர்ல வெளிப் பாக்கெட்ல வச்சா பேட்டரி செத்துரும்."

அத்தோடு நின்றிருந்தால் ஊர் உருப்பட்டிருக்கும். ஆனால் ஒரு யோசனை அலுவலகத்துக்குள் போனால் விதியாகத்தான் வெளியே வரும். பிப்ரவரி பிறப்பதற்குள் லாய்டின் யோசனைகள் அத்தனையும் துணைச் சட்டம் ஆகிவிட்டன. வெளிச்சம் பாதிக்கு மேல் போகக் கூடாது. கூட்டங்களில் கைபேசி விமானப் பயண முறையில் இருக்க வேண்டும், பேட்டரி மிச்சமாகும். எண் காட்டாத அழைப்புகள் கைபேசியிலேயே தடுக்கப்பட்டிருக்க வேண்டும். கைபேசியின் இருப்பிடம் கோட்டின் உள் பாக்கெட். கோடையில் கோட்டுப் போடாதவர்கள் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார்.

"விதியில கோடையே இல்லையே" என்றார் லாய்ட்.

இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருக்கிறோமா என்று பார்க்க நகரசபை ஒரு ஆப் வெளியிட்டது. வேண்டாத ஆப்பையெல்லாம் நீக்கிவிட்டோம் என்று உறுதி செய்கிற ஆப் அது. மலிவுக் கைபேசியில் அதை ஏற்ற வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் நீக்கியே ஆக வேண்டும், அவ்வளவு பெரிது. ஆகவே அது சொன்னது எப்போதும் உண்மையாகவே இருந்தது. ஏற்றியவர்களுக்குச் சிக்கனச் சான்றிதழ். நகரசபைக் கட்டடம் எதையாவது வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம்.

சட்டம் வந்தால் ஊரில் முணுமுணுப்பு எழும் என்று எதிர்பார்த்தோம். எழுந்தது வேறொன்று. மேயர் ஒரு கூட்டத்தில், மூலையில் விரிசல் விட்ட ஒரு மலிவுக் கைபேசியை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். மறுநாளிலிருந்து ஊரில் நல்ல கைபேசி வைத்திருப்பது அசிங்கம் ஆகிவிட்டது.

"என்னோடது ஒரு மெசேஜ் திறக்கவே ரொம்ப நேரம் எடுக்கும்" என்று வங்கி மேலாளரின் மனைவி தேவாலயத்து வாசலில் பீற்றிக்கொண்டாள்.

"திறக்குதா? உங்களுக்கு யோகம். எங்களோடது திறக்கறதே இல்ல" என்றாள் பல் மருத்துவரின் மனைவி.

பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் வெர்னா கெட்டிக்காரி. விரிசல் போலவே தெரிகிற ஒட்டுத்தாள்களை டொராண்டோவிலிருந்து வரவழைத்தாள். மூலை விரிசல், குறுக்கு விரிசல், சிலந்தி வலை விரிசல் என்று மூன்று தினுசு. சிலந்தி வலையின் விலைக்கு நிஜமாகவே ஒரு கைபேசியை உடைத்துவிடலாம். இருந்தாலும் அதுதான் முதலில் தீர்ந்தது.

இந்த நேரம் பார்த்து ஐரீன் ஹ்லாட்கியின் கைபேசி பீட்ரூட் சூப்பில் விழுந்தது.

ஐரீன் எங்கள் ஊர் கர்லிங் கூடத்தில் கேன்டீன் நடத்துகிறாள். பனித்தளத்தில் கல்லைத் தள்ளி விளையாடிவிட்டு வருகிறவர்களுக்குச் சூப்பும் சாண்ட்விச்சும் கொடுப்பாள். கூடம் நகரசபையுடையது. ஆகவே அவளுக்குப் புதுக் கைபேசியும் வேண்டும், சான்றிதழும் வேண்டும். அவள் லாய்டிடம் போனாள்.

"லாய்ட், எனக்கு போன் பேசணும். அவ்வளவுதான். எதை வாங்கட்டும்?"

"பேசறதுக்கா?" லாய்ட் முகத்தைச் சுளித்தார். "அது எங்க தேர்வு அளவுகோல்ல இல்லையே, ஐரீன். பேட்டரி இருக்கு, சேமிப்பிடம் இருக்கு, அப்டேட் இருக்கு. பேச்சு இல்ல."

"சரி, பேட்டரி நல்லா இருக்கறதாப் பாத்துக் குடு."

கொடுத்தார். ஒட்டுத்தாளும் போட்டு, தடுக்க வேண்டியதைத் தடுத்து, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி, சான்றிதழும் கொடுத்தார். கூடவே அவள் கணவர் ஓரெஸ்டுக்கு என்று ஒரு மலிவு டேப்லெட்டும் வந்தது.

ஓரெஸ்டுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. தானியக் கிடங்கில் காலமெல்லாம் மூட்டை தூக்கிய மனிதர். இப்போது படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போக ஐரீனின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நகரத்து மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு இரண்டாவது குளிர்காலமாகக் காத்திருந்தார். பகலெல்லாம் டேப்லெட்டில் பனி ஹாக்கி பார்ப்பதுதான் ஒரே பொழுதுபோக்கு.

"யாரு ஜெயிக்கறா?" என்று கேட்டுக்கொண்டே ஐரீன் வீட்டுக்குள் வந்தாள்.

"யாரு கண்டா? பாதி வெளிச்சத்துல அடிக்கிற வட்டு எங்க இருக்குன்னே தெரியல. ஆளுங்க சும்மா ஒருத்தன ஒருத்தன் இடிச்சுக்கிட்டு ஓடறானுங்க. ரேடியோன்னு நெனச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஆஸ்பத்திரியிலேருந்து ஏதாச்சும்?"

"போன் உன்கிட்டதான் இருக்கு, மவராசி."

கைபேசி பாட்டுக்கு அமைதியாக அவள் கோட்டின் உள் பாக்கெட்டில் இருந்தது.

மறுவாரம் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஷானன் சூப் வாங்க வந்தாள். கிண்ணத்தை வாங்காமலே ஐரீனை முறைத்தாள்.

"ஏன் ஐரீன், நீங்க போனே எடுக்க மாட்டீங்களா? ஆஸ்பத்திரியில ரெண்டு தடவ கூப்ட்டுட்டாங்களாம். மூணாவது தடவையும் எடுக்கலன்னா ஓரெஸ்ட் பேர வரிசையில கடைசிக்குத் தள்ளிடுவாங்க. எங்களுக்கு இன்னைக்குத்தான் தகவல் வந்துச்சு."

ஐரீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு எந்தக் காலும் வரலையேம்மா."

"அவங்க நம்பர் காட்டாது. ஆஸ்பத்திரிக் கால் எல்லாமே அப்படித்தான். நோயாளியோட அந்தரங்கம் வெளிய தெரியக் கூடாதாம்."

ஐரீனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வேற நம்பர் குடுத்தா?"

"குடுங்க, நான் மாத்திச் சொல்றேன். ஆனா நம்பர் காட்டாத கால் வர்ற போனா இருக்கணும். கிளினிக் நம்பர் செல்லாது, கேட்டுப் பாத்துட்டேன்."

கூடத்துச் சுவரில் ஒரு கம்பித் தொலைபேசி இருந்தது. சிக்கனம் கருதி நகரசபை அதைப் போன வருடமே பிடுங்கிவிட்டது. ஐரீன் சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பனியில் நடந்து லாய்டிடம் போனாள்.

"தடுப்ப எடுத்து விடு, லாய்ட்."

"எடுக்கலாமே. விண்ணப்பிச்சா போதும்" என்றார் லாய்ட் அன்பாக. "விண்ணப்பிச்சது நீங்கதானான்னு உறுதி பண்ண அலுவலகத்துலேருந்து உங்களக் கூப்புடுவோம். எடுத்து 'ஆமா'ன்னு சொல்லிட்டீங்கன்னா தடுப்ப எடுத்துருவோம்."

"உங்க கால்ல நம்பர் காட்டுமா?"

"எப்படிக் காட்டும்? ஊழியர்களுக்கு அந்தரங்கம் வேண்டாமா?"

"அப்போ உங்க காலையும் என் போன் தடுத்துருமே!"

"தடுக்கணும். இல்லன்னா சான்றிதழ் செல்லாது."

"இதுவரைக்கும் யாராவது எடுத்துப் பேசியிருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல" என்றார் லாய்ட் திருப்தியாக. "கூப்புட்டு எடுக்கலன்னா, 'விண்ணப்பதாரருக்கு இனிக் குறை இல்லை'ன்னு போட்டுக்குவோம். மாகாணத்துலயே குறை இல்லாத ஊரு நம்மளோடதுதான்."

"நான் உன் எதிர்லயே நிக்கறேன், லாய்ட். 'ஆமா'ன்னு சொல்றேன். ஆமா! ஆமா!"

"நேர்ல சொல்றது நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார், அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற லாய்ட்.

அன்று மாலை ஐரீன் வீடு வீடாகப் போனாள். தடுப்பு இல்லாத ஒரு கைபேசி, ஒரே ஒரு அழைப்பு, அவ்வளவுதான் கேட்டாள். என்னிடமும் வந்தாள். என்னுடையது சான்றிதழ் பெற்றது. போதாக்குறைக்கு இறைச்சி அறைக்குள் சிக்னலே வராது. வங்கி மேலாளர் வீட்டில் விரிசலைக் காட்டினார்கள். பல் மருத்துவர் வீட்டில் அதை விடப் பெரிய விரிசலைக் காட்டினார்கள். கடைசியாக வெர்னாவிடம் போனாள். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதிகள்.

"வெர்னா, உன்கிட்ட வேற போன் எதுவும் இல்லையாடீ? பழசு, கிழசு?"

"ஐயோ, என்கிட்ட ஏதுடீ?" என்றாள் வெர்னா. "இந்த ஓட்டைதான். இருந்தா உனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

ஐரீன் வீட்டுக்குப் போய், மூன்றாவது அழைப்பு எப்போது வரும் என்று தெரியாமல், ஒலிக்க முடியாத கைபேசியை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓரெஸ்ட் டேப்லெட்டை அணைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு, தேய்ஞ்சது தேய்ஞ்சுபோச்சு. இன்னொரு குளிர்காலம் தாங்காதா?" என்று அப்புறம் கேட்டார். தாங்காது என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த வார இறுதியில் நகரசபை சிக்கன விழா எடுத்தது. கர்லிங் கூடத்தில், பட்டப்பகலில், ஊரே கூடியிருந்தது. சாப்பாடு ஐரீன் பொறுப்பு. வாசலில் ஒரு பெரிய கூடை வைத்திருந்தார்கள். எல்லாரும் தங்கள் மலிவுக் கைபேசியை விமானப் பயண முறைக்கு மாற்றிக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். கூடை நிறைய விரிசல்.

மேயர் மேடையேறினார். "ஆடம்பரத்தை வென்ற ஊர் இது" என்று ஆரம்பித்தார். "இதோ, இந்த மண்டபத்தில் இப்போது ஒரு கைபேசிகூட இல்லை! இந்த அமைதியைக் கேளுங்கள்!"

எல்லாரும் அமைதியைக் கேட்டோம்.

அப்போதுதான் மாகாண அரசு தன் அவசர எச்சரிக்கைச் சோதனையை நடத்தியது. புயல் வந்தால் ஊர் ஊராக எல்லாக் கைபேசியும் அலறுகிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனை. தேதியை லாய்டுக்கு முன்கூட்டியே அழைத்துச் சொல்லப் பார்த்திருக்கிறார்கள். எண் காட்டாமல் அழைத்திருக்கிறார்கள்.

கூடை மூச்சு விடவில்லை. மற்ற எல்லா இடமும் அலறியது. வங்கி மேலாளரின் மனைவியுடைய காலணிக்குள் அலறியது. பல் மருத்துவரின் தொப்பிக்குள் அலறியது. பாதிரியாரின் கிடார் பெட்டிக்குள் அலறியபோது கம்பிகளும் சேர்ந்து அதிர்ந்தன. மேயர் தன் வயிற்றுப் பக்கம் கையை வைத்து அழுத்திப் பார்த்தார், சத்தம் குறையவில்லை. லாய்டுடையது மட்டும் விதிப்படி கோட்டின் உள் பாக்கெட்டில் அலறியது.

வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராக வெளியே எடுத்து அணைத்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை அழகான கைபேசிகளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"இது ஒப்பீட்டு ஆய்வுக்காக வச்சிருக்கறது" என்றார் லாய்ட், வேர்த்துப்போய். "மலிவு எவ்வளவு மலிவுன்னு தெரியணும்னா, விலை கூடினது ஒண்ணு பக்கத்துல வேணுமில்ல?"

"எங்களுதும் ஒப்பீட்டுக்குத்தான்" என்றார் வங்கி மேலாளர் உடனே. மண்டபம் முழுக்க ஒப்பீட்டுக்குத்தான் என்று ஆனது.

கரண்டியும் கையுமாக ஐரீன் பரிமாறும் மேசையிலிருந்து வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக வெர்னாவின் எதிரில் போய் நின்றாள். வெர்னாவின் கையில் புத்தம் புது ஊதா நிறக் கைபேசி இருந்தது.

"நீயுமாடீ?" என்றாள் ஐரீன். சத்தம் போடவில்லை. "அவர் எப்படி நடக்கறாருன்னு நீ பாத்திருக்க. படியேற முடியாம எங்க வீட்டு வாசல்ல நின்னப்ப நீதானே கை குடுத்த."

வெர்னாவின் முகம் பீட்ரூட் சூப் ஆனது. "வெட்கமா இருந்துச்சுடீ. விரிசல் விக்கறவ கையில புதுப் போனான்னு ஊரு சிரிக்கும்னு..." கைபேசியை ஐரீனின் ஏப்ரன் பையில் திணித்தாள். "வச்சுக்க. கால் வர்ற வரைக்கும் வச்சுக்க. பூட்டு, கீட்டு எதுவும் கெடையாது. யாரு கூப்ட்டாலும் அடிக்கும்."

ஷானன் அங்கேயே எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், கேன்டீனில் கூட்டம் நிறைந்திருந்த நேரம், ஏப்ரன் பைக்குள் அது அடித்தது. ஐரீன் எடுத்துப் பார்த்தாள். திரையில் எண் இல்லை. சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்த லாய்ட் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார்.

"எண் காட்டாத அழைப்ப..."

ஐரீன் கரண்டியை ஓங்கினாள். லாய்ட் சாண்ட்விச்சை முழுசாக வாய்க்குள் தள்ளிக்கொண்டார்.

"ஆமா. ஓரெஸ்ட் ஹ்லாட்கி. நான் அவரு சம்சாரம்" என்றாள் ஐரீன் கைபேசியில். மறுமுனை சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். "வர்றோம். கண்டிப்பா வர்றோம். மார்ச்ல எந்தத் தேதின்னாலும் வர்றோம்." வைத்ததும் சூப் பாத்திரத்தின் மேலேயே குனிந்து அழுதாள். பனித்தளத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் விஷயம் கேள்விப்பட்டு, கல்லுக்கு வழி தேய்க்கும் துடைப்பங்களால் பனியைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அன்று யாரும் உப்பு சரியில்லை என்று சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஏப்ரலில் ஓரெஸ்ட் ஒற்றைத் தடியோடு கோ-ஆப் கடைக்குத் தானே நடந்து வந்து, என்னிடம் பன்றி விலா எலும்பு கேட்டு, நான் வெட்டியது கோணல் என்று குறையும் சொன்னார். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

இனி இந்தச் சட்டம் இருக்காது என்று எல்லாரும் நினைத்தோம். மே மாதம் நகரசபை பொதுக்கூட்டம் கூட்டியது. மேயர் கம்பீரமாக எழுந்தார். அவசர எச்சரிக்கை ஏறக்குறைய ஒருவர் விடாமல் போய்ச் சேர்ந்த ஒரே ஊர் நம்முடையதுதான் என்று மாகாண அரசு பாராட்டியிருப்பதாக அறிவித்தார். கை தட்டினோம். அடுத்து லாய்ட் எழுந்தார்.

"மக்கள்கிட்ட ரெண்டு கைபேசி இருக்கறது தெரிய வந்திருக்கு" என்றார். "ஒண்ணு சிக்கனத்துக்கு. இன்னொண்ணு ஒப்பீட்டுக்கு. ஆனா ரெண்டும் ஒழுங்கா இருக்கான்னு பாத்துக்க எதுவும் இல்ல. ஆகவே வீட்டுக்கு ஒரு மூணாவது கைபேசி கட்டாயம்னு பிரிவு பரிந்துரைக்குது. கண்காணிப்புக் கைபேசி."

மண்டபத்தில் ஒரே இரைச்சல். "பைத்தியக்காரத்தனம்!" என்றார் வங்கி மேலாளர். "கேடுகெட்ட யோசனை" என்றார் பல் மருத்துவர். ஓரெஸ்ட் தடியால் தரையைத் தட்டினார். ஐரீன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"மூணாவது என்ன மாடலா இருக்கணும்?" என்று பின்வரிசையிலிருந்து வெர்னா கேட்டாள்.

லாய்ட் காகிதங்களைப் புரட்டினார். "விதியில அதப் பத்தி எதுவும் இல்ல. அவங்கவங்க விருப்பம்."

இரைச்சல் மெல்ல அடங்கியது. ஆட்கள் பக்கத்தில் இருப்பவர்களோடு கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள்.

"புதுசா மடிக்கிற மாதிரி ஒண்ணு வந்திருக்கு, பாத்தியா?" என்று ஓரெஸ்ட் ஐரீனின் காதில் சொல்வது என் காதில் விழுந்தது. "விரிச்சா டேப்லெட் அளவுக்கு வருமாம். ஹாக்கிக்கு ஜம்முனு இருக்கும்."

"உஷ்" என்றாள் ஐரீன். கொஞ்ச நேரம் கழித்து, "ஊதாவுல வருதா?" என்றாள்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் மேயர்.

கைகள் உயர்ந்தன. வங்கி மேலாளர், பல் மருத்துவர், பாதிரியார், வெர்னா, ஐரீன், தடியைத் தூக்கிப் பிடித்த ஓரெஸ்ட். இவர்களுக்கெல்லாம் எப்போதுதான் புத்தி வரும் என்று நொந்துபோய், ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். லாய்டும் எண்ணிக்கொண்டே வந்தார். என் பக்கம் வந்ததும் விரலை நீட்டி, "ஒருமனதாக நிறைவேறியது" என்றார்.

அண்ணாந்து பார்த்தேன். என் கையும் மேலேதான் இருந்தது.